கடலோர வீட்டுக்கு எம்-60 கான்கிரீட் வேண்டுமா? குமரிக் கரைக்கு ஏற்ற தேர்வு எது

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலைப் பார்த்து வீடு கட்டுகிறவர்களிடம் இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. "அண்ணே, எம்-60 போட்டா கம்பி துருப் பிடிக்காதாம், நூறு வருசம் நிக்குமாம், உள்ளதுதானா?" என்று கேட்கிறார்கள். பலர் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரே ஒரு வீடு கட்டுகிறவர்கள். ஒப்பந்ததாரர் ஒருவர் எம்-60 என்கிறார், இன்னொருவர் வழக்கம்போல 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கைக்கலவை போதும் என்கிறார். இரண்டுக்கும் நடுவே எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் கட்டும் இரண்டு மாடி வீட்டுக்கு எம்-60 வேண்டாம். கைக்கலவை எம்-20 கண்டிப்பாக வேண்டாம். எடைபோட்டுக் கலக்கும் எம்-30, அலைத் துளி நேரே தெறிக்கும் இடமானால் எம்-35. அதோடு பிபிசி (எரிசாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் (உலைக்கசடு கலந்தது) சிமெண்ட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர், 14 நாள் நல்ல தண்ணீரில் நனைப்பு. அந்தக் கவருக்கு ஏற்பத் தளத்தின் கனத்தையும் ஓர் அங்குலம் கூட்டுங்கள். ஏன் என்பதை விளக்குகிறேன்.

எம் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டி 28 நாளில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. எம்-30 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன். கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456:2000, வெளிவந்தபோது எம்-20 வரை சாதாரணக் கான்கிரீட், எம்-25 முதல் எம்-55 வரை தரநிலைக் கான்கிரீட், எம்-60 முதல் உயர்வலிமைக் கான்கிரீட் என்று பிரித்தது; பின்னால் வந்த திருத்தம் எம்-60-ஐயும் தரநிலைக்குள் சேர்த்தது. அந்த எல்லையைத் தாண்டினால் தன்னுடைய வடிவமைப்பு அளவுகள் பொருந்தாமல் போகலாம், சோதனை முடிவுகளையும் தனி நூல்களையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் அதே நூல் எச்சரிக்கிறது. எம்-60 அந்த எல்லையிலேயே நிற்கிறது. ஆகவே எம்-60 வீடு என்றால் அதற்கென்று தனியாக வடிவமைக்கத் தெரிந்த பொறியாளர் வேண்டும். கொத்தனார் தீர்மானிக்கிற காரியம் அல்ல அது.

உயர்வலிமைக் கான்கிரீட் அருமையான பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மும்பை ஜே.ஜே. மேம்பாலத்தில் எம்-75 போட்டார்கள். துபாயின் 828 மீட்டர் புர்ஜ் கலீபாவில் கீழ்மாடித் தூண்களும் சுவர்களும் 80 தரத்தில் வார்க்கப்பட்டன. அங்கெல்லாம் பிரச்சினை சுமை. நூற்றுக்கும் மேற்பட்ட மாடிகளின் பாரம் ஒரு தூணில் இறங்கும்போது தூணை ஒல்லியாக வைக்க வேறு வழி இல்லை. குறும்பனையிலோ இனயத்திலோ எழும்பும் இரண்டு மாடி வீட்டுக்குச் சுமை பெரிய எதிரி அல்ல.

இங்கே எதிரி உப்பு. நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. கடல்காற்றில் வரும் குளோரைடு ஈரத்தோடு நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைத் தொட்டதும் அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு பிடித்த இரும்பு பழைய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளியதும் கம்பியின் வழியே நீளமாக ஒரு கீறல் விழுகிறது, அடுத்த மழையில் பத்தை பெயர்கிறது. குளச்சல், கடியப்பட்டினம், முட்டம் என்று கடற்கரைச் சாலையில் எந்த ஊரிலும் நடந்து பாருங்கள். கடலைப் பார்த்த சன்ஷேடின் அடியில் கம்பி பல் தெரிய நிற்கும் வீடுகளைக் காணலாம். அவை பாரம் தாங்காமல் உடைந்தவை அல்ல.

எனவே நாம் விலை கொடுத்து வாங்க வேண்டியது மூன்று: உப்பு நுழைய முடியாத நெருக்கம், உப்பு நடக்க வேண்டிய தூரம், கீறல் விழாத பக்குவம். வலிமை எண் இதில் முதலாவதோடு மட்டும் ஓரளவு உறவுடையது. எம்-60-ல் தண்ணீர் குறைவாக இருப்பதால் துளைகளும் குறைவு, அது உண்மை. ஆனால் அந்தப் பலனில் பெரும்பகுதி எம்-30, எம்-35-லேயே வந்துவிடுகிறது, அதற்கான விலையோ மிகக் குறைவு.

எம்-20 கைக்கலவை

1:1½:3 என்ற கணக்கு, விதிநூல் எம்-20 வரைக்கும் மட்டும் அனுமதிக்கும் பெயரளவுக் கலவை. அதற்கு மேலே எல்லாமே ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்து எடைபோட்டுக் கலக்க வேண்டியவை. "1:1:2 போட்டால் எம்-25 ஆயிடும்" என்று சட்டிக்கணக்கில் சொல்லப்படுவதை ஏற்காதீர்கள்.

1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை, அதாவது 400 கிலோ சிமெண்ட் போகிறது. பிளாஸ்டிசைசர் என்ற தண்ணீர்க்குறைப்பி மருந்து ஊற்றி முறையாக வடிவமைத்த எம்-30-ஐ அதைவிடக் குறைந்த சிமெண்டிலேயே எடுத்துவிடலாம். விதிநூல் எம்-30-க்குக் கேட்கும் குறைந்தபட்சம் 320 கிலோ. ஆக, கைக்கலவையில் சிமெண்டைக் கொட்டியும் பலன் கிடைக்காமல் போவதற்குக் காரணம் தண்ணீர். கலவை இழுக்கச் சிரமமாக இருக்கிறது என்று இன்னொரு வாளி ஊற்றும் இடத்திலேயே தரம் இறங்கிவிடுகிறது. எம்-30-க்குத் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45, அதாவது 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இந்தக் கணக்குக்குள்தான் அடங்க வேண்டும்.

விதிநூலின் 8.2.8 பிரிவு நேராகவே சொல்கிறது: கடலிலோ கடற்கரையை ஒட்டியோ நிற்கும் கம்பிக் கான்கிரீட் எம்-30-க்குக் குறையக் கூடாது, ஸ்லாக் அல்லது பொசலானா (பிபிசி) சிமெண்ட் அனுகூலம். நம் கரையில் எம்-20 போடச் சொல்கிறவர் இந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எம்-60 வீட்டுக்கு என்ன தரும்?

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் விற்கப்படுவது கணக்குத் தெரியாத இடத்தில்தான். மாடித் தளம் வளைவைத் தாங்குவது முக்கியமாக அடிக்கம்பியால். 0.3 சதவீதம் கம்பி போட்ட ஒரு தளத்தில் எம்-20-க்குப் பதிலாக எம்-60 போட்டால் தாங்குதிறன் கூடுவது ஐந்து சதவீதம் சொச்சம் மட்டுமே. கான்கிரீட் மூன்று மடங்கு பலமாகியும் தளத்துக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

தளம் தொய்யாமல் இருக்க வேண்டிய விறைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டின் மீள்குணகம், அதாவது அதன் விறைப்பின் அளவு, வலிமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறுகிறது. எம்-20-லிருந்து எம்-60-க்குப் போனால் விறைப்பு 1.73 மடங்கு. தளத்தின் கனத்தை 5 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாக்கினாலும் விறைப்பு அதே 1.73 மடங்கு, ஏனென்றால் கனம் மும்மடிக் கணக்கில் வேலை செய்கிறது. ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு அந்த ஓர் அங்குலம் கேட்பது ஏறக்குறைய 2.4 கன மீட்டர் கூடுதல் கான்கிரீட்.

தூணில் மட்டும் எம்-60 உண்மையாகவே பெரிய வித்தியாசம் காட்டும். 12 மில்லிமீட்டர் கம்பி நான்கு போட்ட 9 அங்குலச் சதுரத் தூண், நேர்ச்சுமையாக எம்-20-ல் 58 டன் தாங்கும் என்றால் எம்-60-ல் 144 டன் தாங்கும். ஆனால் சாதாரண இரண்டு மாடி வீட்டின் நடுத்தூணுக்கு வரும் வடிவமைப்புச் சுமை தோராயமாக 50 டன்னைச் சுற்றியதுதான். மிச்சத் தெம்பு வீணாகக் கிடக்கும். அதைக் காரணம் காட்டித் தூணை மெலிய வைத்தால் கவருக்கு இடம் போய்விடும். 9 அங்குலத் தூணில் இரு பக்கமும் 45 மில்லிமீட்டர் விட்டால் கம்பிக்கூட்டுக்கு மிஞ்சுவது 140 மில்லிமீட்டர். கடலோரத்தில் வெளித்தூணை 12 அங்குலமாகப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எம்-60-க்குத் தொல்லைகளும் உண்டு. சிமெண்டைவிட நூறு மடங்கு நுண்ணிய சிலிகா பியூம் தூள், வீரியமான தண்ணீர்க்குறைப்பி, சிறிய ஜல்லி, துல்லியமான எடை, இவை எல்லாம் கூடிவந்தால்தான் அது எம்-60. ஒரு கன மீட்டரில் 700 கிலோ எம்-சாண்ட் போகிறது என்று வையுங்கள். அதன் ஈரத்தை ஒரு சதவீதம் தப்பாகக் கணித்தாலே 7 லிட்டர் தண்ணீர் மாறிப்போகும். 145 லிட்டர் மட்டுமே தண்ணீர் உள்ள கலவையில் அது ஐந்து சதவீதம். மழை விட்டு விட்டுப் பெய்யும் நம் ஊரில், திறந்த வெளியில் குவித்த மணலை வைத்து இதைச் சாதிக்க முடியாது. மேலும் இத்தகைய கான்கிரீட்டில் மேலே கசியும் தண்ணீர் இருக்காது, வார்த்த சில நிமிடங்களிலேயே மேற்பரப்பு காய்ந்து வெடிக்கத் தொடங்கும். உள்ளுக்குள்ளேயே சுருங்கும் குணமும் கூடுதல். கீறல் விழுந்த எம்-60 கீறாத எம்-30-ஐவிடக் கடலோரத்தில் மோசம். உப்பு கீறல் வழியே நேராகக் கம்பிக்குப் போய்விடும், கட்டியின் வலிமை அங்கே எதையும் தடுக்காது.

கவர்: கவனிக்கப்படாத 45 மில்லிமீட்டர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கும் வேகம் ஆழம் கூடக்கூடக் குறைகிறது. தோராயக் கணக்கில் கவரை இரட்டித்தால் உப்பு கம்பியைத் தொட நான்கு மடங்கு காலம் ஆகும். 20 மில்லிமீட்டரை 40 ஆக்குவதற்கு ஆகும் செலவு, எந்த உயர்வலிமைக் கலவையின் செலவையும்விடச் சிறியது.

கடற்கரைச் சூழலை ஐ.எஸ். 456 கடுமையான வகையில் சேர்க்கிறது, கவர் 45 மில்லிமீட்டர் கேட்கிறது. கடல்நீர்த் துளி தெறிக்கும் பரப்பு மிகக் கடுமையான வகை, அங்கே எம்-35-உம் 50 மில்லிமீட்டரும். எம்-35-ஓ அதற்கு மேலோ போட்டால் இந்த இரண்டு வகையிலும் 5 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம் என்று சலுகை தருகிறது. உயர்ந்த தரத்துக்கு விதிநூல் கொடுக்கும் மரியாதை அந்த 5 மில்லிமீட்டர்தான். உப்புக்காற்று நேரே படாத உட்பக்கத்துக்கு எம்-25, 30 மில்லிமீட்டர் என்று ஒரு தளர்வும் உண்டு. அதைக் கடலோர வீட்டில் நான் பயன்படுத்த மாட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டில் உட்கூரைக்கும் உப்புக்காற்று வந்து சேரும்.

கவரைக் கூட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: 5 அங்குலத் தளத்தில் 20 மில்லிமீட்டர் கவர் விட்டால் கம்பிக்கு மேலே பயன்படும் ஆழம் 100 மில்லிமீட்டர். 45 விட்டால் 75 தான் மிஞ்சும், தளத்தின் தாங்குதிறன் நாலில் ஒரு பங்கு போய்விடும். கொத்தனார் பொறியாளரிடம் சொல்லாமல் பெரிய கவர் பிளாக் மட்டும் வைத்தால் ஆபத்து. தளத்தை 6 அங்குலமாக்கினால் பழைய 100 மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கிறது. நான் சொன்ன ஓர் அங்குலத்துக்கு இதுதான் முழுக் காரணம்.

ஜல்லித்துண்டு, உடைந்த ஓடு, செங்கல் சில்லு எதையும் கவருக்காக வைக்க விடாதீர்கள். அதே தரக் கான்கிரீட்டில் வார்த்த கவர் பிளாக்குகளை மீட்டருக்கு ஒன்றாவது வையுங்கள். கட்டுக்கம்பியின் முனை பலகையைத் தொடாமல் உள்நோக்கி மடக்கப்பட்டிருக்கிறதா என்று வார்ப்புக்கு முந்திய மாலை குனிந்து பாருங்கள். பல கூரைகளில் முதல் துருப்புள்ளி அந்த முனையில்தான் தோன்றுகிறது.

சன்ஷேட் தனி வியாதி. ஓரத்தில் இரண்டு அங்குலம் கனம் உள்ள பலகைக்குள் 45 மில்லிமீட்டர் கவர் எங்கே விடுவது? கடல் பார்த்த பக்கம் சன்ஷேடை 4 அங்குலத்துக்குக் குறையாமல், அதற்கேற்ற கம்பிக் கணக்கோடு போடுங்கள். இல்லையென்றால் கான்கிரீட் சன்ஷேடே வேண்டாம், ஓட்டுச்சாய்ப்பு இறக்கிவிடுங்கள். நம் ஊர் மழைக்கும் அது நல்லது.

எந்த சிமெண்ட், எந்தத் தண்ணீர்

53 தர ஓபிசியை (கலப்பில்லாத சாதாரண சிமெண்ட்) உயர்ந்த சரக்கு என்று நினைக்கும் பழக்கம் இருக்கிறது. சீக்கிரம் இறுகும், சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்கலாம், அதனால் ஒப்பந்ததாரருக்கு வசதி. கடலோரத்துக்கு எரிசாம்பல் கலந்த பிபிசியும், உலைக்கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டும் மேல். அவை மெதுவாக இறுகினாலும் மாதக்கணக்கில் துளைகளை அடைத்துக்கொண்டே போகும், உள்ளே வரும் குளோரைடில் ஒரு பங்கைக் கட்டியும் போடும். ஸ்லாக் கிடைத்தால் அதுவே என் முதல் தேர்வு. பொறுமை மட்டும் வேண்டும்: கலப்பு சிமெண்டுக்கு விதிநூல் குறைந்தது 10 நாள் நனைப்பு கேட்கிறது, 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது. ஐந்தாம் நாள் பாத்தியை உடைத்துவிட்டால் ஸ்லாக் போட்டதன் பலன் பாதிக்கு மேல் போச்சு. தூண்களுக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். தளத்துக்குக் காட்டும் அக்கறையைத் தூணுக்கு யாரும் காட்டுவதில்லை.

தண்ணீர் பற்றி ஒரு கணக்கு. கம்பிக் கான்கிரீட்டில் சேரும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது. கடல்நீரில் ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் இருக்கிறது. நாற்பது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே எல்லையை நெருங்கிவிடும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் லேசாகக் கரித்தால் கலக்கவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். சோதித்துப் பாருங்கள், தேறாவிட்டால் லாரித் தண்ணீர் இறக்குங்கள். கடற்கரை மணல் பூச்சுக்குக்கூட வேண்டாம்.

ரெடிமிக்ஸா, களத்தில் கலப்பதா

6 அங்குலத்தில் ஆயிரம் சதுர அடித் தளம் என்றால் 14 கன மீட்டர், பீமும் சேர்ந்தால் 17 வரை போகும். 6 கன மீட்டர் ஏற்றும் மூன்று லாரி. ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸில் எடையும் கலப்பும் நம்பகமானவை, எம்-30-க்கு மேல் போவதானால் அதுதான் வழி. ஆனால் கடலோர ஊர்களின் சந்துகளில் அந்த லாரி நுழையாது. சாலையில் நிறுத்திக் குழாய் இழுக்க வேண்டும், பம்புக்காகக் கலவை இளகலாக இருக்க வேண்டும். அந்த இளக்கத்தைத் தண்ணீரால் கொண்டுவரக் கூடாது, ஆலையிலேயே மருந்தால் கொண்டுவர வேண்டும். மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டித் தாமதமாக வந்த லாரியில் களத்தில் தண்ணீர் ஊற்றினால் நீங்கள் காசு கொடுத்த எம்-30 அங்கேயே எம்-20 ஆகும். அப்படி ஊற்ற முயன்றால் லாரியைத் திருப்பி அனுப்பும் துணிவு வேண்டும்.

லாரி வரவே வழியில்லாத இடத்தில், எடைபோடும் வசதியுள்ள கலவை மிஷினும், அளவுக்குறியிட்ட தண்ணீர் வாளியும், இரண்டு வைப்ரேட்டரும் (ஒன்று பழுதானால் மற்றது), பொறுப்பான ஒரு சூப்பர்வைசரும் இருந்தால் களத்திலேயே எம்-30 எடுக்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ரெடிமிக்ஸ் பக்கம் போங்கள்.

கம்பி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எப்பாக்சி பூசிய கம்பி வளைக்கும்போதும் இழுக்கும்போதும் உரசி உரியும், உரிந்த இடத்தில் துரு குவியும். கவனமாகக் கையாளும் ஆட்கள் இல்லாத வீட்டு வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். துத்தநாகம் பூசியது பரவாயில்லை. புதிய பாம்பன் ரயில் பாலத்தில் போட்டதுபோல ஸ்டெயின்லெஸ் கம்பி மிகச் சிறந்தது, வீட்டுக்கு விலை தாங்காது. சாதாரண 500டி கம்பியை மணலில் போடாமல் கட்டைமேல் அடுக்கி மூடி வைத்து, வார்ப்புக்கு முன் உப்புப்படிவை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

உள்நாட்டுக்கும் உயரத்துக்கும்

தக்கலை, குலசேகரம், திற்பரப்பு பக்கம் கட்டுகிறவர்கள் எம்-25, 30 மில்லிமீட்டர் கவர் என்று போய்விடலாம். 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் எம்-60 நம் நாட்டில் புழக்கத்துக்கு வராத காலத்துக் கான்கிரீட், கடலுக்கு உள்ளே தள்ளி இன்றும் நிற்கிறது. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் உப்பைவிடக் காற்றுதான் கவலை. ஆனி, ஆடிக் காற்றில் நண்பகலில் தளம் வார்த்தால் இறுகுமுன்னே மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும். மாலையில் வார்த்து, மட்டம் தட்டிய கையோடு பாலித்தீன் விரித்துவிடுங்கள்.

கன்னியாகுமரி ஊருக்குள் ஏழெட்டு மாடி விடுதி கட்டுகிறவர்களுக்கு என் பதில் வேறு. கீழ்மாடித் தூண்களுக்கு எம்-40 அல்லது அதற்கு மேல் நியாயமானது, கார் நிறுத்த இடம் மிஞ்சும், கவருக்கும் இடம் இருக்கும். அங்கே ரெடிமிக்ஸ் ஆலை, தகுதியான வடிவமைப்பாளர், முழுநேரச் சோதனை எல்லாம் ஏற்கெனவே இருக்கும். கடல் ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் படகுத்துறைத் தூண் போடுகிறவர்களுக்கும் அப்படியே. விதிநூல் அங்கே எம்-40-உம் 75 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது.

வீடு கட்டுகிறவர் ஒப்பந்தத்தில் "எம்-30 கான்கிரீட்" என்று மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மிகாது, சிமெண்ட் பிபிசி அல்லது ஸ்லாக், வெளிப்பரப்பிலும் உள்தளத்திலும் கவர் 45, நனைப்பு 14 நாள், களத்தில் தண்ணீர் சேர்ப்பது கிடையாது என்று எழுதுங்கள். 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான வார்ப்புக்கு இரண்டு மாதிரி, அதைத் தாண்டி 30 வரை மூன்று, மாதிரிக்கு மூன்று கட்டிகள், உங்கள் கண்முன்னே களத்தில் எடுக்க வேண்டும். கட்டிகளை உடைக்கும் ஆய்வுக்கூடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், ரசீதும் முடிவும் உங்கள் பெயருக்கு வரட்டும். 28-ஆம் நாள் முடிவு கைக்கு வரும் வரை அந்தத் தளத்துக்கான கடைசித் தவணையை நிறுத்தி வைப்பதாகவும், முடிவு தேறாவிட்டால் மேற்கொண்டு ஆகும் சோதனையும் பலப்படுத்தலும் ஒப்பந்ததாரர் செலவில் என்றும் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.